பறங்கியர் பாட்டும் இசைத்தட்டும்

புகழ்பெற்ற பாடற்குழுவொன்று பல்லாண்டுகளாகப் பாடியவற்றுள் மக்கள் மனத்தைக் கவர்ந்த பாட்டுக்களைத் தெரிந்தெடுத்து, ஒரே இசைத்தட்டில் திரட்டி வெளியிடுவது மேனாட்டார் வழக்கம். அமெரிக்காவின் ‘ஈகிள்ஸ்’ என்னும் ரொக் இசைக்குழு 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்தகைய தொகுப்பு, அந்நாட்டில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தட்டுக்களுள் ஒன்றாயிற்று. ஆனால், இயற்றியவர் இன்னார் என்று கூறவியலாத, ஒரு சமூகத்தின் பொதுச்சொத்தாகிய பாட்டுக்களை யார் திரட்டுவது? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையே போதும்.

வாவியின் நடுவே புளியந்தீவில் போர்த்துக்கீசர் 1628ஆம் ஆண்டில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை பத்தாண்டில் கைமாறிற்று, மொழியோ நிலைத்துவிட்டது. தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் கைதேர்ந்த மட்டக்களப்புப் பறங்கியர், வீதியில் தமிழும் வீட்டில் போர்த்துக்கீசக் கலப்புமொழியும் பேசி வாழ்ந்தனர். நம் வீட்டு அலுமாரியும், கதிரையும், வாங்கும், காலைப் பாணும் போர்த்துக்கீச மொழி நமக்குத் தந்த சொற்களே அன்றோ!

பறங்கியர் இல்லத் திருமணமென்றால் கப்ரிஞ்ஞா இல்லாமல் நிறைவுபெறாது. பிடில் இசைக்க, மேளம் முழங்க, நான்கு இணையர் எதிரெதிரே நின்று ஆடுவர். நான்கடிப் பாட்டை ஒருவர் பாட, மற்றொருவர் மறுமொழியாக வேறொரு பாட்டை எடுத்துவிடுவார். காதலும் கேலியும் அதில் கலந்தோடும். இக்கப்ரிஞ்ஞாவின் துள்ளுநடையே பைலா இசைக்கும் ஊற்று. ‘பைலா’ என்னுஞ் சொல்லும், ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்ததே. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’யை அறியாத தமிழர் உளரோ? 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையிலும் அப்பாட்டு ஒலித்தது. கடல் கடந்து வந்த தாளம் மீண்டும் கடல் கடந்து தமிழகம் சேர்ந்த கதை இது.

இனி, திரட்டியவர் யாரெனக் காண்போம். டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இலங்கைப் போர்த்துக்கீசப் பாட்டுக்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ‘நாணாது பாடு’ என்று பொருள்படும் தலைப்பில் 1990இல் அவரது நூல் வெளிவந்தது. 1998இல் லிஸ்பன் மாநகரில் உலகக் கண்காட்சி நிகழ்ந்தபோது, போர்த்துக்கீசர் சென்ற நாடுகளின் இசையெல்லாம் பன்னிரண்டு இறுவட்டுக்களாக வெளியிடப்பெற்றன. அவற்றுள் ‘கந்தீகஸ் டோ செய்லாவ்’, ‘பைலா செய்லாவ் கப்ரிஞ்ஞா’ என்னும் இரண்டும் இலங்கைக்குரியவை.

தொகுப்பு வந்துவிட்டது, பாட்டு பிழைத்துவிட்டது என்று அமைதி கொள்ளலாமா? இசைத்தட்டில் ஒரு பாட்டுக்குச் சில நிமிடங்களே உண்டு. விடியவிடிய நீளும் பாட்டுப்போட்டி அதில் அடங்காது. சமயத்துக்கேற்பப் புதிதாகப் புனைந்து பாடிய வாய், தட்டில் ஒரே பாட்டையே என்றும் பாடிக்கொண்டிருக்கும். மறுமொழி பாட எதிரே ஆள் வேண்டும். ஆளுக்கு மொழி வேண்டும். பறங்கியருட் பலர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். வாவிக்கும் கடலுக்கும் இடையே டச்பாரில் இருந்த அவர்களது குடியிருப்பை 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அழித்தது. இளந்தலைமுறையினருக்குத் தமிழே வீட்டுமொழியாகி வருகிறது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊகோ கார்டோசோ முதலிய ஆய்வாளர் அண்மை ஆண்டுகளில் இம்மொழியையும் பாட்டையும் பதிவு செய்துள்ளமை ஆறுதலளிப்பதாகும்.

இது பறங்கியருக்கு மட்டும் உரிய கவலையன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களை நூலாகத் தொகுத்திராவிடின், வயலிலும் வாவியிலும் பிறந்த எத்தனை கவிகள் காற்றோடு போயிருக்கும்! இன்று மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியாகப் பயன்படும் தொலைபேசி உண்டு. பாட்டியார் பாடும் தாலாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், பாடப்படும் சமயம் ஆகியவற்றையும் உடன் குறித்து வையுங்கள். அதனினும் மேலாக, ஒரு பாட்டையேனும் நீங்களே பாடக் கற்றுக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் பாட்டு காக்கப்பட்ட பாட்டு. நாவில் இருக்கும் பாட்டே வாழும் பாட்டு.