ரகசியம் நடிகருக்கே தெரியாதபோது: 'கோஹெரன்ஸ்' படமும் இரண்டுபட்ட ரசிகர்களும்

சின்ன பட்ஜெட்டில், எழுதின வசனம் இல்லாமல் எடுத்த படங்களைப் பற்றிய அபிப்பிராயங்களில் ஒரு வினோதத்தை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். படம் பிடித்தவரும் பிடிக்காதவரும் சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, அப்படியே நிஜ வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்பார் ஒருவர். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, தலைவலி வந்துருச்சு" என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. அப்புறம் எங்கே பிரிகிறார்கள்?

இதை யோசிக்க நான் எடுத்துக்கொள்வது ஜேம்ஸ் வார்ட் பர்கிட் இயக்கிய 'கோஹெரன்ஸ்' (2013). கதையைக் கொஞ்சம் உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. முதல் தடவை எதுவும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

கதை

எட்டு நண்பர்கள் ஒரு வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள். அன்றைக்கு ஒரு வால்நட்சத்திரம் பூமிக்குப் பக்கத்தில் கடக்கிறது. முதலில் செல்போன் கண்ணாடி தானாக விரிசல் விடுகிறது. பிறகு கரண்ட் போகிறது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். அங்கே போய்ப் பார்த்தால், அதே சாப்பாட்டு மேஜை, அதே எட்டுப் பேர். இதற்கு மேல் அறிவியல் வேண்டாம். நமக்கு வேண்டியது மேஜையைச் சுற்றி இருக்கிற விஷயங்கள்.

எம்மின் காதலன் கெவின். கெவினின் பழைய காதலி லாரியை அமீர் அன்றைக்கு விருந்துக்கே கூட்டி வந்துவிட்டான். விருந்து கொடுக்கிற மைக், குடியை விட்டவன். அவனுக்கும் ஹியூவின் மனைவி பெத்துக்கும் முன்பு ஒரு உறவு இருந்தது. எம்முக்கு ஒரு நல்ல நடன வாய்ப்பு வந்தபோது தயங்கினாள், அது வேறொருத்திக்குப் போய், அவள் பெரிய ஆளாகிவிட்டாள். இது ஊரறிந்த கதை. ஆனால் அது எம்முக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

எடுத்த விதம்

செலவு சுமார் 50,000 டாலர். இயக்குநரின் சொந்த வீடு, ஐந்து ராத்திரி. கையில் பிடித்த கேமரா, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பர்கிட் அதற்கு முன் 'ரேங்கோ' (2011) படத்தின் கதையில் கோர் வெர்பின்ஸ்கியோடு வேலை செய்தவர். பெரிய படங்களில் எல்லாமே முன்கூட்டியே வரைந்து, தீர்மானித்து எடுக்கிற முறை. அதற்கு நேரெதிராக ஒன்று செய்து பார்க்க நினைத்திருக்கிறார்.

நடிகர்களுக்கு வசனப் பிரதி கிடையாது. ஒவ்வொரு நாளும் அவரவருக்கு ஒரு குறிப்புச் சீட்டு. 'இன்றைக்கு நீ இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்', 'உனக்கு இது தெரியும்', 'நீ இப்போது வீட்டை விட்டுக் கிளம்ப நினைக்கிறாய்' என்கிற மாதிரி. ஒருவர் சீட்டில் என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியாது. முழுக்கதை தெரிந்த நடிகர் ஒருவர்தான்: அமீராக நடித்த அலெக்ஸ் மனுஜியன். அவர் பர்கிட்டோடு சேர்ந்து கதையை உருவாக்கியவர். உள்ளே இருந்தபடியே மற்றவர்களைத் தடம் மாறாமல் நகர்த்துகிற வேலையும் அவருக்கு.

நம்ம ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் இதற்குப் பாதி ஒப்புமை உண்டு. வள்ளி ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றைய ராத்திரி மேடையிலேயே கூடி விடிய விடிய தர்க்கம் பண்ணுவார்கள். ஆனால் அங்கே கதை எல்லாருக்கும் தெரியும், பார்க்க வந்தவருக்கும் தெரியும். வார்த்தை மட்டும்தான் புதுசு. இங்கே அடுத்து என்ன நடக்கும் என்பதே நடிக்கிறவருக்குத் தெரியாது.

மூன்று குறைகள்

படம் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தவர்கள் சொன்னதை மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று, இரைச்சல். இரண்டு, "இவ்ளோ நடக்குது, ஒருத்தனுக்குக்கூட ஒழுங்கா யோசிக்கத் தோணலையா?" மூன்று, ரகசியங்கள் வெளியே வந்தும் மனசில் தங்கவில்லை.

முதல் இரண்டும் என்னைப் பொறுத்தவரை ஒரே விஷயம். நான் சாஃப்ட்வேர் ஆள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது என்று பத்துப் பேரைக் காலில் இழுத்தால் என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சர்வீஸ் மட்டும்தான் தெரியும். முழு சிஸ்டம் யார் தலையிலும் இல்லை. எல்லாரும் பேசுவார்கள், பாதிப் பேர் ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், தன் பக்கம் தப்பில்லை என்று நிரூபிப்பதில் குறியாக இருப்பார்கள். வெளியே இருந்து கேட்டால் எல்லாரும் முட்டாள் மாதிரிதான் தெரியும். யாரும் முட்டாள் இல்லை. தகவல் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அவ்ளோதான்.

'கோஹெரன்ஸ்' மேஜையிலும் அதேதான். எழுதின படத்தில், ஒரு பாத்திரம் அதிரும்போது அந்த நடிகர் அந்தப் பக்கத்தை நாற்பது தடவை படித்திருப்பார். குறுக்கே பேச வேண்டிய இடம், சும்மா இருக்க வேண்டிய இடம் எல்லாம் அவருக்குத் தெரியும். இங்கே ஒருவர் சொல்வதை மற்ற ஏழு பேரும் அப்போதுதான் கேட்கிறார்கள். எது முக்கியம் என்று தெரியாதவர் எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பார். ரகசியம் நிஜமாகவே ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் அதற்கான விலை இந்த இரைச்சல். விலை அதிகம் என்று நினைக்கிறவருக்குத் தலைவலி, சரிதான் என்று நினைக்கிறவருக்கு நிஜ வீடு.

மூன்றாவது குறையை அப்படித் தள்ளிவிட முடியாது. மைக், பெத் விவகாரம் வெளியே வருகிறது. கூச்சல் வருகிறது. அப்புறம் படம் அடுத்த புதிருக்குப் போய்விடுகிறது. பல வருட நட்பு உடைந்த வலி அந்த அறையில் தங்குவதே இல்லை. ஐந்து ராத்திரியில் அதிர்ச்சியைப் பிடிக்கலாம். அதிர்ச்சிக்குப் பின்னால் வருகிற கனத்தைப் பிடிக்க அது போதாது.

காலம் கொடுத்தால்

போதும்படி காலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' (1996) இருக்கிறது. லீயும் வசனப் பிரதி இல்லாமல்தான் தொடங்குவார். நடிகர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகையில் பேசிப் பேசிப் பாத்திரத்தை வளர்ப்பார். தன் பாத்திரத்துக்குத் தெரிந்ததுதான் நடிகருக்கும் தெரியும். தத்துக் கொடுத்த மகளை சிந்தியா சந்திக்கிற இடத்தில், அந்த மகள் கறுப்பினப் பெண் என்பது சிந்தியாவாக நடித்த பிரெண்டா ப்லெதினுக்கு ஒத்திகையில் நேரில் பார்க்கும்வரை தெரியாது. ஆனால் படப்பிடிப்புக்கு முன் எல்லாம் செதுக்கி இறுக்கப்பட்டுவிடும். அதனால்தான் காலியான கஃபேயில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நீண்ட ஒற்றை ஷாட்டில், அதிர்ச்சியும் இருக்கிறது, அதன் கனமும் இருக்கிறது. கான் விழாவில் அந்தப் படத்துக்குத் தங்கப்பனை விருது, ப்லெதினுக்குச் சிறந்த நடிகை விருது.

இன்னொரு பாடம் ஜான் கசாவெட்டிஸின் 'ஷேடோஸ்' (1959). நீங்கள் பார்த்தது இம்ப்ரொவைசேஷன் என்று படத்தின் முடிவில் எழுத்துப் போடுவார்கள். 1958இல் நியூயார்க்கில் காட்டிய முதல் வடிவத்துக்கு அது பொருந்தும். அதற்கு வரவேற்பு சரியில்லாததால், எழுதி எடுத்த காட்சிகளைச் சேர்த்துப் படத்தை மாற்றினார் கசாவெட்டிஸ். முதல் வடிவத்தைக் கொண்டாடிய விமர்சகர் ஜோனஸ் மேகஸுக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. ஆனால் உலகம் பார்த்தது இரண்டாவதைத்தான், அந்த எழுத்தை நம்பி "எவ்ளோ இயல்பு!" என்று வியந்ததும் அதைத்தான். 'வசனமே இல்லாமல் எடுத்தது' என்று தெரிந்ததுமே நம் கண் மாறிவிடுகிறது. தடுமாற்றம்கூட நிஜமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அபிப்பிராயங்களைப் படிக்கும்போது இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வராத ரகசியம்

இவ்வளவுக்கும் பிறகு 'கோஹெரன்ஸ்' ஏன் திரும்பப் பார்க்க வைக்கிறது? பலர் க்ளோ ஸ்டிக் எந்த நிறம், எந்த வீட்டிலிருந்து யார் எங்கே போனார்கள் என்று படம் போட்டுப் பார்க்கிறார்கள். நானும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவை பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

வாயால் வெளியே வந்த ரகசியங்கள் எல்லாம் படத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகின்றன. கதையை முடிவுக்குக் கொண்டுபோவது வாயைத் திறக்காத ஒருத்தியின் ரகசியம். எம் தன் நடனக் கதையை எல்லார் முன்னாலும் சொல்கிறாள். தோற்றுப்போனதைச் சொல்கிறாள். 'அந்த வாழ்க்கை எனக்கு வந்திருக்க வேண்டும்' என்கிற ஏக்கத்தை மட்டும் சொல்வதில்லை. மற்ற ஏழு பேரும் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பத்து நிமிஷத்தில் அந்த ஏக்கம் என்ன செய்யத் துணிகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

நண்பர்களுக்குள் நாம் மறைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். கள்ளக்காதல் எத்தனை வீட்டில் இருக்கப் போகிறது? கூடப் படித்தவன் நல்லா இருக்கிறதைப் பார்த்து உள்ளே சுருக்கென்று ஒன்று குத்துமே, அதைத்தான் எந்தச் சாப்பாட்டு மேஜையிலும் நாம் சொல்வதில்லை. கேட்கிறவருக்கும் அது கேட்பதில்லை, ஏனென்றால் அது சத்தம் போடுவதில்லை.

ஆகவே இந்த மாதிரிப் படத்தை முதல் தடவை பேசுகிறவரைப் பார்த்துப் பாருங்கள். எரிச்சல் வந்தால் தப்பில்லை. இன்னொரு தடவை பார்க்கப் பொறுமை இருந்தால், பேசாமல் இருப்பவரைப் பாருங்கள்.