கடவுச்சொல் காப்போம்

நுழையும்முன்

வீட்டுக் கதவுக்குப் பூட்டு உண்டு. பேழைக்குத் திறவுகோல் உண்டு. இணையக் கணக்குக்கோ ஒரு சொல்லே பூட்டும் திறவுகோலுமாக அமைகிறது. மதிப்பெண் பட்டியல், கல்வி உதவித்தொகை, வங்கிச் சேமிப்பு, குடும்ப நிழற்படங்கள் எனப் பலவும் இன்று அந்த ஒரு சொல்லின் காவலில் உள்ளன. அச்சொல்லை எவ்வாறு அமைப்பது? எவ்வாறு காப்பது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இணைய மையங்களின் முன் வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். அவர்களுள் பலருக்கு அதுவரை மின்னஞ்சல் முகவரி இராது. மையத்தில் பணியாற்றுபவரே முகவரி ஒன்றை உருவாக்கி, மாணவரின் பெயரையோ கைப்பேசி எண்ணையோ கடவுச்சொல்லாக இட்டு, துண்டுத்தாளில் எழுதித் தருவதுண்டு. கலந்தாய்வு குறித்த செய்திகள் அம்முகவரிக்கே வரும். கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவுசெய்யும் கணக்கும் அதனோடு இணைக்கப்பட்டிருக்கும். உதவியவர் நல்லவராகவே இருக்கலாம். எனினும், மாணவரின் எதிர்காலத்தைத் திறக்கும் சொல், அவருடைய பெயரையும் எண்ணையும் அறிந்த எவரும் ஊகிக்கத்தக்கதாக இருப்பது முறையா?

கடவுச்சொல்லின் தொடக்கம்

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கியபோதே கடவுச்சொல்லின் தேவை எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் பெர்னாண்டோ கார்படோ தலைமையில் அத்தகைய கணினி அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. ஒருவரின் கோப்பைப் பிறர் காணாதிருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆயினும் 1962ஆம் ஆண்டிலேயே அக்காவல் மீறப்பட்டது. தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பைக் கணினியைக் கொண்டே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் தோன்றிய சில காலத்திலேயே அதன் களவும் தோன்றிவிட்டது எனலாம்.

சொற்கள் உள்ளவாறே சேமிக்கப்பட்டதே அக்களவுக்கு இடமளித்தது. ஆகவே, நன்கு அமைந்த இணையத்தளங்கள் இன்று கடவுச்சொல்லை அவ்வாறே சேமிப்பதில்லை. கணித முறையால் அதனை வேறோர் உருவாக மாற்றிச் சேமிக்கின்றன. அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க இயலாததுபோல, அவ்வுருவிலிருந்து மூலச்சொல்லை நேரடியாக மீட்க இயலாது. ஆனால், கோப்பைத் திருடியவர் வேறு வழியில் முயல்கிறார். மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை ஒவ்வொன்றாக அதே முறையில் மாற்றி, எது பொருந்துகிறது எனக் கணினியைக் கொண்டு ஒப்பிடுகிறார். எளிய சொற்கள் இத்தேடலில் விரைவில் அகப்படுகின்றன.

மக்கள் வைக்கும் எளிய சொற்கள் யாவை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவுபோயின. அவை உள்ளவாறே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பதாகும். களவுபோன இத்தகைய பட்டியல்களே இன்றைய திருடர்களுக்கு அகராதியாக உதவுகின்றன.

நீளமே வலிமை

கடவுச்சொல்லின் வலிமையைக் கணக்கிட்டே அறியலாம். நான்கு இலக்க எண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே உள்ளன. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. அவற்றுள் எட்டு எழுத்துகளைத் திட்டமின்றி எடுத்து அமைத்தால், ஏறத்தாழ 20,882 கோடி வாய்ப்புகள் கிடைக்கும். மேலும் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால், அத்தொகை 4,56,976 மடங்காகப் பெருகும்.

பேரெழுத்து, சிற்றெழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலந்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். விசைப்பலகையில் உள்ள 94 வடிவங்களையும் கலந்து எட்டு இடங்களில் அமைக்கும் சொல்லைவிட, சிற்றெழுத்துகளை மட்டும் கொண்டு பன்னிரண்டு இடங்களில் அமைக்கும் சொல்லுக்கு வாய்ப்புகள் பதினைந்து மடங்குக்கும் மேல். மேலும், பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கி இறுதியில் பிறந்த ஆண்டைச் சேர்க்கும் வழக்கத்தைத் திருடர்களும் நன்கறிவர். 2017ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் நீளத்துக்கே முதன்மை அளித்தது. காரணமின்றிக் குறித்த காலந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுமாறு வற்புறுத்துவதையும் அது கைவிடச் சொன்னது.

நினைவில் நிற்கும் தொடர்

நீளமான சொல்லை நினைவிற்கொள்வது எவ்வாறு? ஓர் அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வாறு நான்கைந்து சொற்களை எடுங்கள். முறம், ஒட்டகம், புதன், நெல்லி என்பன கிடைத்தன எனக் கொள்வோம். ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி எழுதினால் இது இருபது எழுத்துகளைக் கடந்துவிடும். முறத்தில் நெல்லிக்காய் சுமந்து புதன்கிழமைச் சந்தைக்குச் செல்லும் ஒட்டகத்தை மனக்கண்ணில் கண்டால், அது எளிதில் மறவாது. பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியில் நான்கு சொற்களை இவ்வாறு எடுப்பதற்குரிய வாய்ப்புகள், கோடியைக் கோடியால் பெருக்கி, அதனை மேலும் நூறால் பெருக்கிய அளவாகும்.

சொற்களை நாமே விரும்பித் தேர்ந்தெடுத்தல் கூடாது. நம் விருப்பங்களைப் பிறரும் அறிவர். திருக்குறள் அடியும் திரைப்பாடல் வரியும் உலகறிந்தவை. ஆகவே அவையும் ஏற்றவை அல்ல. இங்கு அச்சிடப்பட்ட எடுத்துக்காட்டும் இனிக் கடவுச்சொல்லாகத் தகுதியற்றதே.

ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல்

வலிய கடவுச்சொல்லையும் பல கணக்குகளுக்குப் பொதுவாக வைத்தால் பயனில்லை. காவல் குறைந்த ஒரு விளையாட்டுத் தளத்தில் அது களவுபோனால், திருடர் அதே சொல்லை மின்னஞ்சலிலும் வங்கிக் கணக்கிலும் இட்டுப் பார்ப்பர். எனவே, கணக்குதோறும் கடவுச்சொல் வேறுபட வேண்டும். பல சொற்களை நினைவிற்கொள்ள இயலாதோர் நம்பகமான கடவுச்சொல் மேலாண்மைச் செயலியைப் பயன்படுத்தலாம். தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துவதும் தவறன்று. கைப்பேசி உறைக்குள் செருகி வைப்பதே தவறு.

எல்லாக் கணக்குகளிலும் மின்னஞ்சலே தலையாயது. பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மறந்தால், மீட்புக்குரிய இணைப்பு பெரும்பாலும் அதற்கே வருகிறது. ஆதலின், அதற்கு இருபடிச் சரிபார்ப்பையும் அமைத்தல் வேண்டும். கடவுச்சொல் களவுபோயினும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் இரண்டாம் பூட்டாக நிற்கும். வங்கி அலுவலர் எனக் கூறி எவர் கேட்பினும் அவ்வெண்ணைச் சொல்லுதல் கூடாது. சொல்லிவிட்டால், நாமே கதவைத் திறந்துவிட்டவர் ஆவோம்.

இணைய மையத்தில் துண்டுத்தாளுடன் விடைபெற்ற மாணவர் என் செய்ய வேண்டும்? அன்று மாலையே தம் கைப்பேசியிலோ பெற்றோரின் கைப்பேசியிலோ அக்கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மீட்புக்கென எவருடைய கைப்பேசி எண் பதியப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். அது பிறருடையதாக இருப்பின், கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை; ஆகவே தம் எண்ணைப் பதிய வேண்டும். பிற கருவிகளில் திறந்திருக்கும் கணக்கை மூட வேண்டும். இதற்குப் பத்து நிமிடமும் ஆகாது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயனைக் காக்க அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடத் தயங்கலாமா?

தெரிந்து தெளிவோம்

பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி-இன்படி குற்றமாகும். இதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானோர் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ஆறு இலக்க எண்ணுக்கும் ஆறு சிற்றெழுத்துகள் கொண்ட சொல்லுக்கும் உரிய வாய்ப்புகளைக் கணக்கிட்டு ஒப்பிடுக.
2. உம் மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண்ணைச் சரிபார்த்து, தேவையெனில் மாற்றி அமைக்க.
3. வீட்டிலுள்ள முதியோருக்கு ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பிறரிடம் ஏன் கூறலாகாது என்பதை எளிய சொற்களில் விளக்குக.