உங்களுக்குத் தெரியுமா? நடப்பது குன்றின்மேல், மிதிப்பது கடலடியை!

தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்திலிருந்து ஜெவிங்டன் கிராமத்துக்கு ‘சவுத் டவுன்ஸ்’ குன்றுகளின் மேலே நடந்து போகலாம்.

• இந்தக் குன்றுகள் சீமைச்சுண்ணாம்பால் ஆனவை. 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டைனோசர் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் சுண்ணாம்புச் செதில்கள் கடலடியில் படிந்து பாறையாயின. நிலத்தட்டு அழுத்தம் பின்னர் அவற்றை மேலே உயர்த்தியது.

• மழைநீர் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேட்டில் ஓடைகள் இல்லை. ஊற்று சுரக்கும் அடிவாரத்தில்தான் பல ஊர்கள் உண்டாயின. மேலே மேயும் ஆடுகளுக்காகக் களிமண் பூசிய குட்டைகளை வெட்டினார்கள்.

• வழியிலுள்ள விண்டோவர் குன்றின் வடசரிவில், இரு கைகளிலும் கோல் பிடித்து நிற்பதுபோல் வரையப்பட்ட ‘லாங் மேன்’ மனித உருவத்தின் உயரம் சுமார் 70 மீட்டர்.

• இந்தப் பாதை, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. நீளும் ‘சவுத் டவுன்ஸ் வே’யின் ஒரு பகுதி. மழையில் நனைந்த சுண்ணாம்புத் தடம் கடுமையாக வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம்.

• நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்த இக்குன்றுகளின் புல்வெளியில், ஒரு சதுர மீட்டரில் 40 வகைத் தாவரங்கள்வரை இருக்கலாம். பெரும்பகுதி உழப்பட்டு அழிந்துவிட்டது. எஞ்சியதைக் காக்கப் பாதையை விட்டு விலகாமல் நடப்போம்.