உள்ளங்கையில் ஒரு கணித யந்திரம்

நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணக்கு யந்திரத்தின் வரலாறு. அதன் பெயர் எச்.பி. 65. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹியூலெட்-பாக்கார்ட் நிறுவனம் 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை வெளியிட்டது. அதற்கு முன்பும் கைக்கணிப்பான்கள் உண்டு. ஆனால், நாம் இட்ட கட்டளைகளை வரிசை பிறழாமல் நினைவில் இருத்தி, பின்னர் அவற்றைத் தானே நிறைவேற்றிய முதல் கைக்கணிப்பான் இதுவே.

1968இல் அதே நிறுவனம் 9100ஏ என்ற மேசைக் கணிப்பானைச் செய்தது. அதன் எடை ஏறத்தாழ 18 கிலோ. நிறுவனர் இருவருள் ஒருவரான வில்லியம் ஹியூலெட், அந்த ஆற்றல் தம் சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்று விரும்பினார். விளைவாக 1972இல் எச்.பி. 35 பிறந்தது. அதில் முப்பத்தைந்து விசைகள் இருந்தமையால் அப்பெயர். சைன், லாகரிதம் முதலியவற்றை ஒரே விசையில் அது தந்தது. மூன்று இலக்கம்வரை துல்லியம் காட்டிய ஸ்லைடு ரூலைப் பொறியாளர்கள் மேசை இழுப்பறைக்குள் போடத் தொடங்கினர்.

எனினும் ஒரு குறை நின்றது. ஒரே சூத்திரத்தை ஐம்பது அளவீடுகளுக்குப் பயன்படுத்த வேண்டுமானால், அதே விசைகளை ஐம்பது முறை அழுத்த வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அட்டவணை நிரப்பிய மாணவர்களுக்கு, எந்த இடத்தில் விரல் தவறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எச்.பி. 65 இக்குறையைத் தீர்த்தது. நூறு படிகள் கொண்ட கட்டளை வரிசையை, அதாவது நிரலை, அதில் பதியலாம். இரண்டு எண்களை ஒப்பிட்டு, சமமானால் ஒரு வழியும் இல்லையேல் வேறு வழியும் செல்லுமாறு பணிக்கலாம். ஒரு பகுதியை வேண்டிய அளவு திரும்பத் திரும்பச் செய்யவும் சொல்லலாம். ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் நினைவு முழுதும் அழிந்துபோகும். அதற்காகவே, சுண்டுவிரல் நீளமுள்ள மெல்லிய காந்த அட்டைகள் வந்தன. வலப்புறத்தில் அட்டையைச் செருகினால், உள்ளிருக்கும் சின்னஞ்சிறு மோட்டார் அதனை இழுத்து, நிரலைப் படித்து, இடப்புறம் தள்ளிவிடும். அந்த அட்டையையே திரைக்குக் கீழுள்ள பள்ளத்தில் பொருத்தலாம். அதன்மேல் நாம் எழுதிய குறிப்புகள், கீழேயுள்ள ஐந்து விசைகளுக்கும் பெயர்ப்பலகை ஆகிவிடும்! இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்காமல் இருக்க முடிவதில்லை.

இந்த யந்திரத்தில் சமக்குறி விசை இல்லை. எண்களை முதலில் கொடுத்துச் செயலைக் கடைசியில் சொல்ல வேண்டும். போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் லூக்காசியேவிச் 1920களில் குறிகளை முன்னே எழுதும் முறையொன்றை வகுத்தார். அதன் தலைகீழ் வடிவம் இது. பலர் இதைக் கண்டு மிரண்டனர். மாணவர்களே, நாம் மிரள வேண்டியதில்லை. "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்றுதானே தமிழில் சொல்கிறோம்? வினை கடைசியில்தான் வருகிறது. மூன்றும் நான்கும் கூட்டி, ஐந்தும் ஆறும் கூட்டி, இரண்டையும் பெருக்க வேண்டுமென்றால், அதே ஒழுங்கில் விசைகளை அழுத்தினால் 77 என்று விடை வரும். முதற் கூட்டுத்தொகையான 7ஐத் தாளில் குறித்துவைக்கத் தேவையில்லை. நான்கு அடுக்குள்ள ஒரு நினைவறை அதைத் தாங்கிக்கொள்கிறது, அடைப்புக்குறிகளும் வேண்டியதில்லை.

இதன் பயனுக்கு ஒரு சான்று விண்வெளியில் கிடைத்தது. 1975 ஜூலை 17இல் அமெரிக்காவின் அப்போலோ கலமும் சோவியத்தின் சோயூஸ் கலமும் இணைந்தன. நெருங்கிவரும் இறுதிக் கட்டத்தில் பாதையைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். திருத்தத்தின் அளவு பிசகினால் சந்திப்பே தவறும். அப்போலோவின் கணிப்பொறி இதைக் கணக்கிட்டது. அதற்குத் துணையாக, வீரர்கள் தம்முடன் கொண்டுசென்ற எச்.பி. 65இலும் அக்கணக்கைச் செய்தனர். கலத்தின் கணிப்பொறி அந்த நிமிடங்களில் பழுதுபட்டிருந்தால், அவர்கள் நம்பியிருக்கக்கூடியது கையிலிருந்த அந்தச் சிறு பெட்டியையே.

விலைதான் எட்டாக்கனி: 795 டாலர். மாணவர் பலருக்கு அது கண்ணால் காணும் பொருளாகவே நின்றது. வாங்கியவர்களோ சங்கம் அமைத்து, தாம் எழுதிய நிரல்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டனர். நூறு படிக்குள் அடக்க வேண்டும் என்ற நெருக்கடி, ஒரு படியையும் வீணாக்காத சிக்கனத்தை அவர்களுக்குக் கற்பித்தது. 1979இல் வந்த எச்.பி. 41சி, மின்சாரத்தை நிறுத்தினாலும் நினைவை இழக்காதது. அதன் பிறகு, பழைய 65 சேகரிப்போரின் பொருளாயிற்று.

அவர்களிடம் இன்றுள்ள யந்திரங்கள் பலவற்றில், அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை உருகிப் பசையாகிவிட்டது. பொறுமையுள்ளோர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய வளையம் பூட்டுகின்றனர். பழைய அட்டை ஒன்றைச் செருகியதும் மோட்டார் மெல்ல முனகுகிறது; முன்பு யாரோ பதிந்துவைத்த நிரலை யந்திரம் மறுபடியும் படித்துக்கொள்கிறது.