பாட்டுக்கு எதற்கு பிஎச்.டி.?

இசையில் பிஎச்.டி. என்றால் என்னதான் செய்வார்கள், உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒருவரை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

2013-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கேரலைன் ஷாவுக்குக் கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இசைத் துறையில் பிஎச்.டி. மாணவி. வயது 30. அவ்வளவு இளம் வயதில் அந்தப் பரிசை அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. சிபாரிசு எதுவும் இல்லை, தன் படைப்பைத் தானே போட்டிக்கு அனுப்பியிருந்தார். அதற்கு விதியில் இடமுண்டு.

பிரின்ஸ்டன் இசைத் துறையில் பிஎச்.டி.க்கு இரண்டு வழி. ஒன்று, இசையை ஆராய்வது: பழைய கையெழுத்துப் படிகள், வரலாறு, இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்கிற விசாரணை. இன்னொன்று இசையமைப்பு. இதில் சேர்ந்தவர் புதிதாக ஒரு படைப்பை எழுத வேண்டும், ஆய்வுக் கட்டுரையும் தர வேண்டும். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணமும் கிடையாது, கைச்செலவுக்கு உதவித்தொகையும் வரும். வாடகைக் கவலை இல்லாமல் சில வருஷம்! துறை தருவதில் பெரியது அதுதான் என்பேன். பாடத்திட்டமெல்லாம் அதற்கு அப்புறம்.

ஷா யேல் பல்கலைக்கழகத்தில் வயலின் படித்தவர். ஆனால் பரிசு வாங்கிய ‘பார்ட்டிட்டா ஃபார் எய்ட் வாய்சஸ்’ எட்டுக் குரலுக்கு மட்டுமே எழுதியது. வாத்தியமே இல்லை. அது வகுப்பறையில் பிறந்ததும் அல்ல. ‘ரூம்ஃபுல் ஆஃப் டீத்’ என்ற எட்டுப் பேர் குழுவில் ஷாவும் அப்போது பாடிக்கொண்டிருந்தார். கோடைக்காலங்களில் அந்தக் குழு மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆடம்ஸ் ஊரில் கூடி வந்தது. அங்கே பழைய ஆலைக் கட்டடங்களில் மாஸ் மோக்கா என்ற கலைக்கூடம் இருக்கிறது. தூவா பகுதித் தொண்டைப் பாட்டு, ஆல்ப்ஸ் மலை யோடல், கனடாவின் இனுயிட் பெண்கள் பாடும் கத்தஜாக் என்று ஒவ்வொன்றுக்கும் ஆசிரியரை வரவழைத்துக் கற்றுக்கொண்டார்கள்.

அதே கூடத்தில் ஓவியர் சால் லெவிட்டின் சுவரோவியங்கள் இருக்கின்றன. எந்தப் புள்ளி எங்கே வர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுப்பார், வேறு ஆட்கள் சுவரில் வரைவார்கள். அந்தக் குறிப்பு வாசகங்களை ஷா பாடகர்கள் வாயில் போட்டார். முதல் பகுதியில் ஒருவர் பேச ஆரம்பிக்கிறார், இன்னொருவர் சேர்கிறார், பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி சந்தை இரைச்சலாகிறது. இனி தாங்காது என்னும்போது எட்டுக் குரலும் சட்டென்று ஒரே இசைவில் வந்து விழுகின்றன. முதல் தடவை கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். பகுதிகளுக்கு அலமாண்ட், சரபாண்ட் என்று பழைய ஐரோப்பிய நடனங்களின் பெயர்.

மூன்றாம் பகுதியான கூராண்டில்தான் தகராறு, அதில் வருவது கத்தஜாக் பாணி. கத்தஜாக்கில் இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, மூச்சை இழுப்பதையும் விடுவதையும் தாளமாக்கிப் பாடுவார்கள். முதலில் சிரித்துவிட்டவர் தோற்றார். பாதிரிமார் ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்த கலை அது. 2019-இல் இனுயிட் பாடகி தன்யா தகாக், எங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டார்களே என்று வெளிப்படையாகவே கேட்டார். ஆசிரியர்களை அமர்த்தி முறையாகக் கற்றவர்கள்தான். ஆனால் கற்றுக்கொடுத்ததற்குச் சம்பளம் தந்தது ஒரு கணக்கு, மேடையில் பெயர் சொல்வது வேறு கணக்கு. இதில் நான் தகாக் பக்கம். குழுவும் ஷாவும் பகிரங்கமாகப் பதில் எழுதினார்கள்.

முதல் வழி என்று சொன்னேனே, சுவடியும் விசாரணையுமாகக் கிடப்பவர்கள், அவர்கள் பெயர் பரிசுப் பட்டியலில் அபூர்வமாகத்தான் வரும். யாரிடமிருந்து வந்தது என்று தகாக் கேட்ட கேள்வியை வருஷக்கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பது அவர்கள்தான், பெரும்பாலும் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில்.