சிறுதொழிலும் சிக்கனமான விளம்பரமும்

ஊரின் உள்ளொழுங்கை ஒன்றிலே தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஓடாவியாரை எடுத்துக்கொள்ளலாம். அவர் இழைத்த கதவு மாரியில் இறுகுவதில்லை; கோடையிற் பிளப்பதுமில்லை. ஆயினும் மாதத்திற் பாதி நாள் அவருக்கு வேலை இல்லை. அதே காலத்தில், இரண்டு கட்டை தூரத்தில் வீடு கட்டும் ஒருவர், நல்ல தச்சர் அகப்படவில்லையே என்று வருந்தி, நகரத்துக் கடையிற் செய்துவைத்த கதவை வாங்கிச் செல்கிறார். ஒருவருக்கு வேலை தேவை. மற்றவருக்கு வேலை செய்பவர் தேவை. இடையிலுள்ள குறை, ஒருவரை மற்றவர் அறியாமை ஒன்றே. இக்குறை நீடித்தால் உளியும் சீவுளியும் விலைப்படுகின்றன. மகன் தந்தையின் தொழிலை விட்டு வேறு வழி தேடுகிறான். கைத்திறன் ஒன்று ஊரை விட்டே நீங்குகிறது.

இக்குறையைப் போக்கும் முயற்சியே விளம்பரம். ஆனால் விளம்பரம் என்றதும் அது பெருமுதலாளிகளுக்கே உரியது என்னும் எண்ணம் பலருக்கு உண்டு. அவ்வெண்ணத்திற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 ஆம் ஆண்டில் தொடங்கியபின், சவர்க்காரமும் பற்பசையும் பாட்டோடு வீடுகளுக்குள் வந்தன. பின்னர்த் தொலைக்காட்சியும் வந்தது. பணம் கொடுத்து நேரம் வாங்குவோரே தம்மை அறிவிக்க முடியும் என்று சிறுதொழிலாளர் ஒதுங்கிக்கொண்டனர். நாடு முழுவதும் விற்க வேண்டிய பொருளுக்கு நாடு முழுவதும் கேட்கும் குரல் தேவைதான். ஓடாவியாருக்கோ ஆண்டுக்கு நாற்பது வீட்டார் போதும். அந்த நாற்பது வீட்டாரை அடையும் வழி வேறு.

அவ்வழி தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரிற் பறந்த பலவகைக் கொடிகளைக் கூறுகிறது. கள் விற்கும் இடத்தைக் காட்டிய கொடியும் அவற்றுள் ஒன்று. அந்நகர வணிகர், தாம் கொள்ளும்பொழுது மிகுதியாகக் கொள்ளாமலும், பிறர்க்குக் கொடுக்கும்பொழுது குறைத்துக் கொடாமலும் வாழ்ந்தனர் என்பதையும் அதே நூல் கூறுகிறது. கொடியும் தராசும் ஆகிய இவ்விரண்டிலும் சிறுவணிகத்தின் விளம்பர முறை முழுவதும் அடங்கும். கொடி ஒருவரை முதன்முறை அழைத்து வருகிறது. தராசு அவரை மறுமுறையும் வரச் செய்கிறது. கொடிக்குப் பணம் வேண்டும். தராசுக்கு நேர்மை ஒன்றே வேண்டும். பணம் குறைந்தவர் எதனை முதலிற் பற்றவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எனினும் கொடியைப் புறக்கணித்தலும் தவறு. சிறுதொழிலாளரின் முதற்கொடி அவருடைய பெயர்ப்பலகை. ஒருமுறை செலவு செய்தால் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் நின்று பேசும் ஊழியன் அது. ஆனால் பல பலகைகள் பேச வேண்டியதைப் பேசுவதில்லை. உரிமையாளரின் பெயர் பெரிதாகவும், செய்யும் தொழில் சிறிதாகவும், சுற்றிலும் பூவேலையுமாக அமைந்த பலகையை, துவிச்சக்கரவண்டியிற் செல்பவர் வாசித்து முடிப்பதற்குள் கடையைக் கடந்துவிடுகிறார். ஓர் அங்குல உயரமுள்ள எழுத்துப் பத்து அடி தூரத்திலிருந்து இலகுவாக வாசிக்கத்தக்கது என்பது பலகை எழுதுவோர் கொள்ளும் பொதுக் கணக்கு. வீதியின் மறுகரை முப்பது அடியானால் மூன்று அங்குல எழுத்தாவது வேண்டும். என்ன வேலை, எந்நேரம் திறந்திருக்கும், எந்தத் தொலைபேசி இலக்கத்தில் அழைப்பது என்னும் மூன்றும் தெளிவாக இருந்தாற் போதும். பல மொழியினர் வாழும் நகரமாயின் தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுதல், வரக்கூடியவரைத் திருப்பி அனுப்பாமைக்கு வழியாகும்.

பலகையில் எழுதும் சொல்லும் சிந்தித்தற்குரியது. “எல்லாவகை மரவேலைகளும் செய்யப்படும்” என்பதை வாசிப்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. “கதவு, யன்னல் செய்தலும் பழுதுபார்த்தலும்” என்று எழுதினால், யன்னல் உடைந்த நாளில் அந்தப் பலகை நினைவுக்கு வரும். ஒன்றில் நல்லவர் என்று பெயர் எடுத்தவரிடமே மற்றவற்றையும் கேட்டு வருவர். வேலையைச் சுருக்க வேண்டியதில்லை. பெயரைச் சுருக்கினாற் போதும்.

அடுத்தது இடம். புதிதாகத் தொழில் தொடங்குவோர், அதே தொழில் செய்வோர் இல்லாத இடத்தைத் தேடுவது வழக்கம். இது எப்பொழுதும் நன்மை தருவதன்று. கொழும்பிலே நகை வாங்க எண்ணுபவர் செட்டியார் தெருவை நாடுகிறார். யாழ்ப்பாணத்திற் கன்னாதிட்டியை நாடுகிறார். கடையின் பெயரை அவர் அறியாதிருக்கலாம். தெருவின் பெயரை அறிவார். அங்கே தெருவே பெயர்ப்பலகையாகி, எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக விளம்பரம் செய்கிறது. நகையைப் போலப் பலவிடத்தும் பார்த்து, ஒப்பிட்டு வாங்கும் பொருளுக்கு இந்த விதி பொருந்தும். அவசரத்திற்கு நாடும் ஒட்டுக்கடைக்கும் சிகை அலங்கரிப்பு நிலையத்திற்கும் வீட்டுக்கு அண்மையே சிறந்தது.

அயலிலுள்ள வேறு தொழிலாளரும் துணையாவர். சாரிக்கடைக்காரரிடம் துணி வாங்குபவர் அடுத்துத் தேடுவது தையற்காரரை. மேசன் சுவர் எழுப்பி முடித்ததும் வீட்டுக்காரர் கேட்பது, “நல்ல ஓடாவியார் ஆரேனும் இருக்கிறாரா?” என்பதே. ஆதலின் ஓடாவியார் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியவர் நூறு வீட்டார் அல்லர், நான்கு மேசன்மார். அவர்கள் சொல்லால் வரும் வேலையைச் செவ்வனே செய்து, அவர்கள் முகம் வாடாமற் காப்பதே அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு.

ஒருவர் வாய்ச்சொல் மற்றொருவர் செவிக்குச் செல்வதன் வலிமைக்கு இந்தியாவிலிருந்து ஓர் உண்மைச் சான்று உண்டு. 1959 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பம்பாயின் கிர்காம் பகுதியில், ஏழு குசராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் பெற்று, தாம் வாழ்ந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். முதல்நாள் விளைவு நான்கு பொதிகள். அறிந்த வணிகர் ஒருவரிடம் அவை விற்பனைக்குச் சென்றன. தொடக்கத்தில் உயர்ந்த தரம் ஒன்றும், மலிவாக விற்பதற்குத் தாழ்ந்த தரம் ஒன்றுமாக இருவகை செய்ய அவர்கள் முற்பட்டனர். அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர், ஒரே தரத்திற் செய்யுமாறும் அத்தரத்தை ஒருபொழுதும் தளரவிடாதிருக்குமாறும் அறிவுறுத்தினார். உடைந்த அப்பளங்களை அவர்கள் விற்கவில்லை, அயலவர்க்குக் கொடுத்தனர். விளம்பரத்திற்குப் பணமில்லாத அந்த நாளில், அயலவர் நாவே அவர்களின் புகழைப் பரப்பியது. லிஜ்ஜத் என்னும் பெயரால் விளங்கும் அந்த நிறுவனத்தில் இன்று நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்ட பெண்கள் பங்காளிகளாக உள்ளனர். மலிந்த தரத்தை அன்று சந்தைக்கு அனுப்பியிருந்தால், அதே அயலவர் நா அதே வேகத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசியிருக்கும்.

சில பொருள்கள் சொல்லால் விலைப்படா, காட்டினால் விலைப்படும். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுடைய பிளாத்திக்குப் பாத்திரங்களை ஆக்கினார். கடைகளில் அவை தேங்கிக் கிடந்தன. அந்த மூடியை எவ்வாறு அழுத்தி மூடுவது என்பது மக்களுக்கு விளங்கவில்லை. பிரவுனி வைஸ் என்னும் பெண்மணியும் அவர்போன்ற சிலரும், பெண்கள் கூடும் வீடுகளில் அவற்றைக் கையாற் செய்துகாட்டி விற்றனர். விற்பனை பெருகவே, 1951 ஆம் ஆண்டிற் கடை விற்பனையை நிறுத்தி, வீட்டுக் கூட்டங்களின் வழியாக மட்டும் விற்கும் முறையை அந்த நிறுவனம் மேற்கொண்டது. மருதமுனைக் கைத்தறித் துணியை நெய்பவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். துணியின் மென்மையை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்லாது, விரல் சொல்லும். மாதிரித் துண்டொன்றை வாங்குவோர் கையிற் கொடுத்தல் செலவு குறைந்த விளம்பரம்.

விற்பனையோடு உறவு அறுந்துபோதல் சிறுவணிகத்தின் பெருங்குறை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்திற்கு வெளியூரிலிருந்து வரும் ஒருவர், வீதியோரக் கடையிற் பனையோலைப் பெட்டி ஒன்றை வாங்கிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டில் நாலுபேர் அதனைப் பார்த்து விரும்புகின்றனர். எங்கே வாங்குவது என்று கேட்டால், “கோயிலடியில் ஒரு கடை” என்பதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெட்டியின் உட்புறத்திற் பெயரும் ஊரும் தொலைபேசி இலக்கமும் கொண்ட சிறு சீட்டு ஒட்டியிருந்தால், அந்த நான்கு பேரும் வாடிக்கையாளர் ஆகியிருப்பர். பற்றுச்சீட்டு, பொதியும் தாள், தைத்த சட்டையின் கழுத்துப்பட்டிச் சீட்டு ஆகிய அனைத்தும் இவ்வாறு பேசக்கூடியவை.

வந்தவரின் பெயரையும், தொலைபேசி இலக்கத்தையும், செய்த வேலையையும் ஒரு கொப்பியில் அவர் சம்மதத்தோடு எழுதிவைத்தலும் பயன் தரும். நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவர், ஆறு மாதத்தின்பின், “இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா?” என்று கேட்டால், அது விளம்பரமாகத் தோன்றாது, அக்கறையாகத் தோன்றும். இக்காலத்திற் கைத்தொலைபேசி இதனை இலகுவாக்கியுள்ளது. வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, அனுப்புபவரின் இலக்கத்தைத் தம் தொலைபேசியிற் பதிந்து வைத்திருப்பவர்க்கே சென்றடைகிறது. விரும்பாதவரைத் தொந்தரவு செய்யாமைக்கு இஃது ஒரு நல்ல வேலி. கூகுள் வரைபடத்திற் கடையின் இடத்தையும் நேரத்தையும் பதிவதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே பதிந்த நேரத்திற் கடை பூட்டியிருந்தால், இலவசமாகக் கிடைத்த விளம்பரம் இலவசமாகவே கெட்ட பெயரையும் தேடித்தரும்.

பொருள் விற்காது அறிவையும் உழைப்பையும் விற்போர்க்கு வேறொரு வழி உண்டு. கணக்காளர் ஒருவர் ஊர்ச் சனசமூக நிலையத்தில், சிறுகடைக்காரர் வரவுசெலவு எழுதுவது எவ்வாறு என்று ஒரு மாலை இலவசமாக எடுத்துரைக்கலாம். மின்வேலை செய்பவர், மழைக்காலத்தில் வீட்டு மின்னிணைப்பிற் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லலாம். கேட்டவர்களிற் பலர் தாமே செய்துகொள்வர். சிக்கலான வேலை வந்தபொழுது, சொன்னவரைத் தேடி வருவர். மருத்துவரும் சட்டத்தரணியும் மட்டும் தத்தம் தொழிலின் ஒழுக்கவிதிகள் விளம்பரத்திற்கு வகுத்த எல்லையை அறிந்து ஒழுகவேண்டும்.

எந்த வழியைக் கைக்கொண்டாலும் கணக்குப் பார்த்தல் இன்றியமையாதது. தையற்காரர் ஒருவர் ஐயாயிரம் ரூபா செலவிட்டு ஆயிரம் துண்டுப்பிரசுரங்கள் வழங்கினார் என்று கொள்வோம். ஒரு தையலில் அவருக்கு மிஞ்சுவது ஐந்நூறு ரூபா. செலவை மீட்கப் பத்துப் புதிய தையல்கள் வேண்டும். வந்தவரோ மூவர். அவர்கள் ஒருமுறையோடு நின்றுவிட்டால் மூவாயிரத்து ஐந்நூறு ரூபா நட்டம். அதே மூவரும் ஆண்டில் ஐந்துமுறை வந்தால், மிஞ்சுவது ஏழாயிரத்து ஐந்நூறு; செலவு போக இரண்டாயிரத்து ஐந்நூறு இலாபம். பிரசுரம் ஒன்றே; மாறியது தையல். புதிதாய் வருபவரிடம், “எங்களைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?” என்று கேட்டு எழுதிவைத்தால், எந்தச் செலவு பயன் தந்தது என்பது சில மாதங்களிற் புலனாகும். பயன் தராததை நிறுத்துதலும் ஒரு வருவாய்.

இறுதியாக, விளம்பரம் ஒரு வாக்குறுதி என்பதை மறத்தலாகாது. பாவனையாளரை ஏமாற்றும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தண்டிக்குமுன் ஊர் தண்டித்துவிடும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பு, வந்த துணியையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு, பண்டிகைக் காலையிற் சட்டையைக் கொடுக்க இயலாது நிற்கும் தையற்காரர் ஒரு கூலியை மட்டும் இழப்பதில்லை. புதுச்சட்டை இல்லாமற் கோயிலுக்குப் போன பிள்ளையின் தாய் அதனைப் பல ஆண்டுகள் சொல்லுவாள். “இம்முறை முடியாது, அம்மா, பண்டிகை கழிந்தபின் தாருங்கள்” என்று முன்னதாகவே சொன்னவரை அவள் அடுத்த ஆண்டு நேரத்தோடு தேடி வருவாள். இயலாததை இயலாது என்று சொல்வதும் விளம்பரமே. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

உள்ளொழுங்கை ஓடாவியாருக்கு இவற்றுள் எல்லாம் வேண்டியதில்லை. ஒழுங்கையின் முகப்பில் மூன்றங்குல எழுத்தில் ஒரு பலகை. நான்கு மேசன்மாரின் அறிமுகம். செய்து கொடுத்த ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் ஒரு சிறு சீட்டு. வாடிக்கையாளர் பெயர் எழுதிய ஒரு கொப்பி. இவையே அவருடைய கொடி. மாரியிலும் இறுகாத கதவு அவருடைய தராசு. தராசு ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. வீடு கட்டுபவர் இரண்டு கட்டை தூரத்திற்றான் இருக்கிறார்; அவர் கண்ணுக்குத் தெரியுமாறு கொடியைக் கட்டுவதே எஞ்சியுள்ள வேலை.