லம்பாக் மலையும் மலைபடுகடாமும்

ஐந்திணை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. குறிஞ்சியாவது மலையும் மலையைச் சார்ந்த இடமும் என்று கரும்பலகையில் எழுதி முடித்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் லம்பாக் மலை குறிஞ்சியா, முல்லையா?" என்று கேட்டான். கேலிக்காகக் கேட்டவன் அல்லன். சாளரத்தின் வழியே மலை தெரிந்துகொண்டிருந்தது. அன்று விடை சொல்ல என்னால் இயலவில்லை. இலக்கணம் அறியாமையால் அன்று. குளுவாங் நகரில் பல்லாண்டு வாழ்ந்தும் அம்மலைமேல் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பதே காரணம்.

குனோங் லம்பாக் ஏறத்தாழ 510 மீட்டர் உயரமே உடையது. நகரின் ஓரத்திலேயே எழுந்து நிற்கிறது. அடிவாரக் காட்டை மலாய் மொழியில் 'ஊத்தான் லிப்பூர்' என்பர். ஊத்தான் என்பது காடு. லிப்பூர் என்பது துயர் ஆற்றுதல். ஊர் ஊராகச் சென்று கதை சொல்லி மக்களின் மனத்துயர் தீர்த்த பழங்காலக் கதைசொல்லிகளுக்கு மலாயில் 'பெங்லிப்பூர் லாரா' என்று பெயர். அச்சொல்லே இக்காட்டுக்கும் ஆயிற்று. பொழுதுபோக்குக் காடு என்று நாம் மொழிபெயர்ப்பதைவிடத் துயராற்றும் காடு என்பது பொருத்தமாகும் போலும். அடிவாரத்தில் சிறுவரும் முதியவரும் எளிதாக நடக்கலாம். மேலே செல்லச் செல்ல மரவேர்களே படிகளாகும். சிற்சில இடங்களில் கயிற்றைப் பற்றி ஏறவேண்டும். பழக்கம் இல்லாதவர் உச்சியை அடைய இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நன்று.

இத்தகைய காடுகள் நகரங்களின் அருகே அழியாமல் நின்றது எவ்வாறு? சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் முதலில் பால்மரத்துக்கும் பின்னர்ச் செம்பனைக்கும் இடம்கொடுத்தது. மேட்டுச் சரிவு பயிருக்கு உதவாது என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் நீர். கூலாய்க்கும் பொந்தியானுக்கும் இடைப்பட்ட குனோங் பூலாய் இதற்குத் தக்க சான்று. 1927-இல் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தாரும் செய்த உடன்படிக்கையின்படி அங்கே 2,100 ஏக்கர் நிலம் நீர்த்தேவைக்காகச் சிங்கப்பூருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. காட்டை வெட்டினால் மண் கரைந்து நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிடும். எனவே காடு நின்றது. பின்னர் வந்த 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை 2011-இல் முடிவுற்றபோது நீர்நிலையங்கள் ஜொகூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. 654 மீட்டர் உயரமுள்ள பூலாய் மலையின் உச்சிவரை தார்ச்சாலை உண்டு. ஏற்றம் நீண்டதாயினும் வழி தவறும் அச்சம் இல்லை. மலையேற்றத்தை முதன்முதலாகப் பழகுவோர்க்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

நம் மக்கள் இக்காடுகளைப் பெரிதும் நாடாதது ஏன் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குக் 'காடு' என்ற சொல் வேறு பொருள் தந்தது. வெளிக்காட்டு வேலை என்றால் தோட்டத்துக் களைவெட்டும் உரமிடுதலுமே. நிரை நிரையாக நட்ட மரங்களுக்கிடையே விடியலில் இறங்கி வியர்வை சிந்திய இடந்தான் காடு. அதற்கு அப்பால் இருந்ததோ காய்ச்சலும் புலியும் அட்டையும் நிறைந்த இருள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ செல்வார்களேயன்றி மரத்தைத் தேடி எவர் போவார்? அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் தோட்டம் விட்டு நகரம் புகுந்த அவர்தம் பேரப்பிள்ளைகள் காட்டையும் அறியார், தோட்டத்தையும் அறியார். வேங்கை, சந்தனம், அகில் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். எதிரே நிற்கும் மரத்தின் பெயர் தெரியாது. கற்பிக்கும் எனக்கும் தெரியாது.

மலையேற முடிவு செய்தபின் வழிகாட்டி நூல் ஒன்று தேடினேன். வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாமைத்தான் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டின்வழி நமக்குக் கிடைத்த இப்பாட்டு 583 அடிகளை உடையது. செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். ஏனைய ஆற்றுப்படைகளில் வள்ளலின் புகழே மிக்கிருக்க, இதில் மட்டும் வழியின் இடையூறுகள் இத்தனை நுணுக்கமாகப் பேசப்படுகின்றன. நாம் அதனை வருணனை என்று படித்துவிட்டு நகர்கிறோம். நடக்கும் எண்ணத்தோடு படித்தால் அது வேறு நூலாகிறது.

தினையை அழிக்கும் பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் வழி ஆதலால் இருளில் நடவாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். குழிகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும், குறித்துப் பார்த்து விலகுங்கள் என்கிறான். யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின் ஒதுங்குங்கள் என்கிறான். நுண்ணிய பாசி படர்ந்த இடத்தில் கால் வழுக்கும். ஆங்கே சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டு கடக்கவேண்டும். வழி தவறினால் கண்டபடி அலையாமல், இசைக்கருவிகளை முழக்குங்கள். காடு காக்கும் கானவர், வெள்ளத்தில் தத்தளிப்போரைக் காக்க ஓடுவார்போல் விரைந்து வந்து, கனியும் பூவும் காட்டி, முன்னே நடந்து வழிகாட்டுவர். இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள், சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையுங்கள் என்கிறான். வழிகள் பிரியும் சந்தியைப் பற்றி அவன் சொல்வதே என்னை மிகவும் கவர்ந்தது. அவ்விடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவேண்டும். தமக்காக மட்டும் அன்று; பின்னே வரும் புதியவர்க்கும் அது துணையாகும்.

கவண்கல்லையும் பன்றிப்பொறியையும் நீக்கிவிட்டால் ஏனைய அனைத்தும் லம்பாக்கிலும் செல்லும். காலையிலேயே புறப்படுக. இந்நாட்டில் பிற்பகல் மழை பொதுவழக்கு. மழைக்குப்பின் வேர்கள் பாசிபடர்ந்த பாறையினும் மோசமாக வழுக்கும். கையூன்றுமுன் ஊன்றும் இடத்தைப் பார்க்கவேண்டும். பாம்பு மட்டும் அன்று, முள்ளும் உண்டு. வழி தவறினால் நின்றுவிடுக. இசைக்கருவி இல்லையெனில் ஊதல் ஒன்று போதும். முடிந்த புல்லின் இடத்தில் இன்று மரக்கிளைகளில் வண்ண நாடாக்கள் தொங்குகின்றன. எல்லா நாடாவும் வழி அன்று என்பதையும் அறிக. மரங்களை அளந்தவர்கள் கட்டியதாகவும் இருக்கலாம். நாமே புதிதாகக் கட்டவும் வேண்டா.

முள் என்றேன். முதல் நாளே என் சட்டைக் கையை ஒரு கொடி கொக்கிபோல் பிடித்து இழுத்தது. விடுவிக்க முயன்றால் மேலும் இறுகியது. உடன் வந்த மலாய் நண்பர் நகைத்து, "ரோத்தான்" என்றார். பிரம்பு! எத்தனை ஆண்டுகள் மேசைமேல் அதனை வைத்திருந்தேன். உயிரோடு கண்டது அன்றுதான். பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டதுபோல் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்நண்பர் காட்டிய மற்றொன்று மெராந்தி மரம். இதன் காய்க்குச் சிறகுகள் உண்டு. முற்றி விழும்போது சுழன்று சுழன்று இறங்கும். இவ்வின மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் வாளாயிருந்து, திடீரெனக் காடு முழுதும் ஒருங்கே பூத்துக் காய்க்கும். உண்ணும் உயிர்கள் உண்டு தீர்க்க இயலாத அளவுக்கு ஒரே காலத்தில் காய்கள் கொட்டுவதால், சில பிழைத்து முளைக்கின்றன என்பர் அறிவியலார். இதே மரக்குடும்பத்தைச் சேர்ந்ததே நம் நாட்டுச் சால மரம். நாம் குங்கிலியம் என்று புகைப்பதும் மலாய்க்காரர் டாமார் என்பதும் இக்குடும்ப மரங்களின் பிசினே. பெயர் தெரியாத மரம் என்று எண்ணியிருந்தது, முறை சொல்லி அழைக்கத்தக்க உறவாக முடிந்தது.

மழையைப் பற்றி ஒரு சொல். ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை ஜொகூரில் கடுமையாகப் பெய்யும். நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் புயல் வாராது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய்ப் புயல் ஜொகூரின் கிழக்குக் கரையில் ஏறிற்று. அம்மழையில் குனோங் பூலாயில் மண்ணும் பாறையும் மரமும் ஒன்றாய்ச் சரிந்து ஐவர் உயிரைக் கொண்டன. தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினாலோ, ஓடையின் ஒலி மாறினாலோ உடனே மேட்டுக்குச் செல்லவேண்டும். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் அந்நான்கு மாதங்களைத் தவிர்ப்பதும், வனத்துறை அலுவலகத்தில் முன்னதாக உசாவி அனுமதி பெறுவதும் கடமை.

மாணவனின் வினாவுக்கு வருகிறேன். உயரத்தால் லம்பாக் குறிஞ்சி எனலாம். ஆனால் அங்கே தினைப்புனம் இல்லை, கிளி ஓட்டும் பெண் இல்லை. காடு என்பதால் முல்லை எனலாம். ஆநிரை மேயும் வெளியோ கார்காலத்துக்குக் காத்திருக்கும் நிலமோ அது அன்று. ஆண்டு முழுதும் மழை பெய்யும் இக்காட்டைத் தொல்காப்பியர் கண்டதில்லை. வலிந்து ஒரு திணைக்குள் அடைப்பதைவிட, இதன் கருப்பொருள் யாவை என்று தொகுப்பதே நேர்மை. இதனை அவனிடம் மலையடிவாரத்தில் வைத்தே சொன்னேன். பன்னிரு மாணவர் வந்திருந்தனர். மரம், புள், விலங்கு, நீர், தொழில் என்று தலைப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். திரும்பும்போது புள் என்ற பகுதியில் அவன் ஒன்றும் எழுதவில்லை. "எல்லாம் மேலேயே இருந்து கத்துகின்றன, ஐயா, ஒன்றும் கண்ணில் படவில்லை" என்றான். கேட்ட ஒலிகளை எழுதச் சொன்னேன். மலையில் பிறக்கும் ஒலிகளைத் தொகுத்துச் சொன்னதால்தான் அப்பாட்டுக்கும் அப்பெயர் வந்தது.